தம்பியின் வாயில் என் குரல்

“வேணான்னா வேணாம் அண்ணி. கோயில் ஹால்ல அத போட்டீங்கன்னா நான் எழுந்து போயிருவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“போ. தாராளமா போ. அவன் என் தம்பி. ஒரு வருஷம் ஆவுது, ஒரு பத்து நிமிஷம் அவன் மூஞ்சிய பாத்து நாலு பேரு சிரிக்கக் கூடாதா?”

“மூஞ்சிய பாக்கட்டுமே, யாரு வேணாங்கிறா? போட்டோ போடுங்க. அந்தக் குரலத்தான் வேணாங்கிறேன்.”

“குரலுக்கு என்ன வந்துச்சு இப்ப?”

“அது அவரு குரலா அண்ணி? நீங்கதானே கூடவே இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

மாசாயில் என் தம்பி வீட்டு வாசலில், கையில் மூன்று பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸோடு நின்று இதைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த மத்தியானம். உள்ளே சண்டை போட்டவர்கள் என் தங்கை ஜெரால்டினும், என் தம்பி மார்கஸின் மனைவி ரூபினியும். மார்கஸ் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி அவனுக்கு ஆண்டுப் பூசை. பூசைக்கு அப்புறம் ஹாலில் சாப்பாடு. சாப்பிடும்போது திரையில் நாங்கள் எடுத்த சிரிப்புப் படங்களில் ஒன்றைப் போடலாம் என்பது ஜெரால்டினின் ஆசை.

செருப்பைக்கூட கழற்றாமல் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் பொட்டலம் சூடாக இருந்தது, கை வலித்தது. அதனால், “ரூபினி, கேட்ட திறம்மா,” என்றேன்.

உள்ளேயிருந்து மார்கஸின் மகள் ஜாக்லின் ஓடி வந்தாள். மூன்று வயது எட்டு மாதம்.

“அப்பா! அப்பா வந்தாச்சி!”

கேட் கம்பிக்குள் முகத்தை வைத்துப் பார்த்தாள். நான் நின்றேன். என்னைத் தாண்டி, என் பின்னால், ரோட்டைப் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பிறகு என்னிடம், “அப்பா எங்க பெரியப்பா?” என்று கேட்டாள்.

அவள் கையில் ரூபினியின் போன். அதில் எங்கள் படம் ஓடிக்கொண்டிருந்தது. மார்கஸின் வாய் அசைந்தது. என் குரல் பேசியது.

இதுவரை ‘லோரோங் பதினொன்னு’ என்ற இணையப் பக்கத்தில் எங்கள் படங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்கஸ் நடித்த ஜாகா சின்னப்பனின் குரல் என் தம்பியின் குரல் இல்லை. பதினேழு படத்திலும் அது என்னுடையது. நான் டெஸ்மண்ட், படம் பிடித்தவன், மூத்தவன். நான்கு வருடமாக உடன்பிறந்த நாங்கள் மூன்று பேரும் இதை யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனால் கேட்டவர்களிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

மார்கஸுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். அதிலும் உயிரெழுத்தில் தொடங்கும் வார்த்தை வந்தால் தொண்டையில் கதவு சாத்தின மாதிரி நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் பட்டது போதும் என்று வளர்ந்த பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டான். பாசிர் கூடாங்கில் ஒரு குடோனில் போர்க்லிப்ட் ஓட்டினான். அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் அவன் மாதிரி சிரிக்க வைக்க ஆளில்லை. ஒரு புருவத்தைத் தூக்குவான், அவ்வளவுதான், நாங்கள் சோற்றுத் தட்டோடு சாய்ந்துவிடுவோம்.

கோவிட் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஜெரால்டின் ஒரு கதை எழுதினாள். அவள் தடிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள், எழுத வரும். தாமான் குடியிருப்பு வாசலில் நிற்கும் ஒரு ஜாகா, காவல்காரன். யார் வந்தாலும் அடையாள அட்டை, ஐ.சி. கேட்பான். சொந்தப் பெண்டாட்டியிடம் கேட்பான், பூனையிடம் கேட்பான். சாவு வீட்டுக்கு அழுதுகொண்டு வருகிறவரை நிறுத்தி, “முதல்ல ஐ.சி. காட்டு, அப்புறம் அழு,” என்பான். அதுதான் ஜாகா சின்னப்பன்.

முதல் படத்துக்கு அந்த ஒரு வரியைப் பதினான்கு தடவை எடுத்தோம். ‘முதல்ல’ வந்துவிடும். ‘ஐ’யில் நின்றுவிடுவான். கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும். சாவு வீட்டுக்காரராக நடித்த எங்கள் பக்கத்து வீட்டு வீரமுத்து அண்ணன் பதினான்கு தடவையும் அழுதார்.

“ஏம்ப்பா, எனக்கு நெஜமாவே யாராச்சும் செத்துட்ட மாதிரி இருக்குப்பா,” என்றார்.

மார்கஸ் சிரித்தான். ஆனால் காது சிவந்துவிட்டது.

நான்தான் சொன்னேன். “டேய், நீ வாய மட்டும் அசை. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

வாயை மட்டும் அசைக்கும்போது அவனுக்குத் திக்காது. ஒரே தடவையில் முடிந்தது. அவன் முகம் அத்தனை நன்றாக அன்றைக்குத்தான் வந்தது. எங்களுக்குப் பெரிய நிம்மதி. பழைய பதினான்கையும் அன்றைக்கே அழித்தேன், போனில் இடமில்லை.

குரல் கொடுப்பது என் காரில். திடல் ஓரம் நிறுத்தி, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, சத்தம் வரும் என்று ஏர்கோனையும் அடைத்துவிடுவோம். பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். மார்கஸ் பக்கத்துச் சீட்டில் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திரையில் அவன் வாய் திறக்கிற நேரம் என் தொடையில் ஒரு தட்டு தட்டுவான். தட்டினால் நான் பேசுவேன். பதினேழு படமும் இப்படித்தான். பேசி முடித்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு அவன் மூச்சு வாங்கச் சிரிப்பான். தன்னைப் பார்த்தே சிரிப்பான்.

இந்த வழக்கத்தால் வந்த வினை எங்களுக்கு அப்போது தெரியவில்லை. போகப்போக அவனுக்கு அது பழகிவிட்டது. யார் போனைத் தூக்கினாலும், கேமரா தன் பக்கம் திரும்பினாலும், சத்தத்தை நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைப்பான்.

படம் ஓடியது. உங்களுக்கே தெரியும். ஆறாவது படத்துக்கு அப்புறம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவனை அடையாளம் கண்டுகொள்ள ஆரம்பித்தார்கள். அதில் ஒரு நாள் எனக்கு மறக்காது. குலாயிலிருந்து வந்த ஒரு குடும்பம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், ஓடி வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அலமாக், ஜாகா சின்னப்பன்லா இது! அண்ணே, ஒரே ஒரு தடவ சொல்லுங்கண்ணே. ஐ.சி. டயலாக்கு. வீடியோ எடுத்துக்கிறேன்.”

போனைத் தூக்கினார்கள். மார்கஸ் வழக்கம்போல வாயை அசைத்தான்.

“சத்தம் வரல அண்ணே. சத்தமா சொல்லுங்க.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். “மு... முதல்ல ஐ... ஐ... ஐ...” கண் மூடிக்கொண்டது. அந்தக் குடும்பத்துப் பையன் சிரித்தான், காமெடிக்குத்தான் இப்படிச் செய்கிறான் என்று. அப்பா சிரிக்கவில்லை. “வீடியோல வேற மாதிரி இருக்குமே,” என்றார். போன் இன்னும் அவர் கையில் தூக்கினபடியே இருந்தது. நான் பின்னாலிருந்து வந்து அந்த வரியைச் சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது காரில் மார்கஸ் முன்சீட்டில் இருந்தான். பெர்மாஸ் சிக்னலில் நிற்கும்போது, “அ... அண்ணே. எ... என்னைப் பாத்துக்கிட்டே உன்னைக் கேட்டாங்க, பாத்தியா?” என்றான்.

“விடுடா.”

“ஒரு படம். ஒ... ஒரே ஒரு படம் என் குரல்லயே விட்டுப் பாப்போமா?”

“சிரிப்பாங்கடா.”

“சி... சிரிக்கத்தானே படம் எடுக்கிறோம்?”

பின்சீட்டிலிருந்து ஜெரால்டின், “நல்லா கேட்டான்லா,” என்றாள். நான், “சரி சரி, அடுத்த படத்துல பாக்கலாம்,” என்றேன். அடுத்த படத்தில் பார்க்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை. அவன் நல்லதற்குத்தான் செய்கிறேன் என்று என்னையே நான் நம்பவைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கும் அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. முகம் காட்டாமல் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அக்டோபரில், காலை ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு வரும்போது மழை. சறுக்கி விழுந்தான். அவ்வளவுதான் எழுத முடிகிறது. பிணவறையில் கவுண்டரில் இருந்தவர், ஐ.சி. இருக்கிறதா என்று அவர் வேலைப்படி மலாயில் கேட்டார்: “ஐ.சி. அடா?” ஜெரால்டின் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்தவளை நானும் ரூபினியும் சேர்ந்துதான் தூக்கினோம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நான் உள்ளே போனதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரூபினி மகளிடமிருந்து போனை வாங்கி அடைத்தாள்.

“பாத்தீங்களா அண்ணி? இதுக்குத்தான் வேணாம்னேன்,” என்றாள். பிறகு என்னைக் காட்டினாள். “மாமா போன் பண்ணாலும் அப்பாங்கிறா. கோயில்ல மாமா வாசகம் வாசிச்சாரு, அப்பாங்கிறா, பெஞ்சிக்கு அடியில குனிஞ்சி தேடுறா. நான் என்ன பண்ணட்டும்?”

ஜெரால்டின் கண்ணைத் துடைத்தாள். “தெரியாதும்மா எனக்கு. நீ சொன்னாத்தானே தெரியும்.”

“எப்படி சொல்றது? மாமா மனசு கஷ்டப்படாதா?”

“சரி, வீட்டுல எடுத்த வீடியோவ போட்டுக் காட்டு. அதுல அவன் குரல் இருக்கும்ல?”

ரூபினி போனைத் திறந்து எங்களிடம் நீட்டினாள். அவள் எடுத்தது இருபத்து மூன்று வீடியோ. பிள்ளையைக் குளிப்பாட்டுகிறான், மடியில் வைத்துச் சோறு ஊட்டுகிறான், பிறந்தநாள் கேக் வெட்டுகிறான். எல்லாவற்றிலும் ரூபினியின் குரல், பிள்ளையின் சிரிப்பு, காற்றாடிச் சத்தம். மார்கஸ் கேமராவைப் பார்த்ததும் வாயை மட்டும் அசைக்கிறான். இருபத்து மூன்றிலும்.

“போன கீழ வச்சாத்தான் பேசுவாரு,” என்றாள் ரூபினி. “எடுக்கும்போது பேச மாட்டாரு. பழகிருச்சின்னு சொல்வாரு.”

அதைப் பழக்கியவன் நான்.

அன்றைக்கு மத்தியானமே மூன்று பேரும் உட்கார்ந்து தேடினோம். வாட்சப்பில் குரல் செய்தி ஒன்றுகூட அவன் அனுப்பியதில்லை, எல்லாம் டைப்தான். கல்யாண வீடியோவில் பலிபீடத்தின் முன்னால் சம்மதம் சொல்கிறான், ஆனால் வீடியோக்காரர் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பாட்டைப் போட்டு மூடிவிட்டார். அவரிடம் பழைய பதிவு இல்லை. விருந்தில் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் மைக்கைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்தால், அதுவும் நான். ரூபினி அந்த இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தாள். “என்ன மாமா, கல்யாணத்துக்குமா?” என்றாள்.

மீ கோரேங் ஆறிப்போனது, யாரும் சாப்பிடவில்லை. ஜாக்லின் மட்டும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து முட்டையை எடுத்துத் தின்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் வாய் திறப்பதில்லை. போனால் கையைக் காட்டுவேன், தலையை ஆட்டுவேன், பிள்ளைக்குப் புருவத்தைத் தூக்கிக் காட்டுவேன். மார்கஸ் மாதிரி எனக்கு வராது. “பெரியப்பாவுக்கு வாய் வலியா?” என்று ஜாக்லின் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து என் பழைய கேமரா பையின் ஓரத்தில் ஒரு மெமரி கார்டு கிடைத்தது. பதினோராவது படத்தில் கழித்துக்கட்டிய துண்டுகள், ஒன்பது. முதல் எட்டிலும் ஒன்றும் இல்லை. ஒன்பதாவதில், நான் போக்கஸ் பார்க்கப் பட்டனை அமுக்கியது அவனுக்குத் தெரியவில்லை. தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு நிற்கிறான்.

“அ... அ... அண்ணே, வெ... வெயில் கண்ணுல அடிக்குது.”

ஐந்து விநாடி. அதற்கப்புறம் நான் “ரெடி” என்கிறேன். அவன் குரல் போய்விடுகிறது, வாய் மட்டும் அசைகிறது.

காரில் தனியாக உட்கார்ந்து அதை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. கண்ணாடியை ஏற்றித்தான் வைத்திருந்தேன். தொடையில் தட்ட ஆளில்லை.

மறுநாள் அதை மாசாய்க்கு எடுத்துப் போனேன். ஜெரால்டினும் வந்தாள். ரூபினி முதலில் கேட்டாள். போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். “இதுதான்,” என்றாள். “இதுதான் மாமா. அந்த ‘அண்ணே’.” அழவில்லை. முகம் தெளிந்துவிட்டது. பதினோரு மாதத்தில் நான் அப்படி அவளைப் பார்க்கவில்லை.

பிறகு ஜாக்லினைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். “பாப்பா, இத கேளு.” படத்தைக் காட்டாமல் சத்தத்தை மட்டும் போட்டாள்.

ஜாக்லின் கேட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். திரும்பவும் கேட்டாள். தலையைச் சாய்த்து அம்மாவைப் பார்த்தாள்.

“யாரு மா அது?”

ரூபினி அவளை இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ஜெரால்டின் எழுந்து அவள் பின்னால் போனாள். நான் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் வாய் திறந்தேன்.

“அதுதான்மா அப்பா. படத்துல பேசுறது பெரியப்பா. அப்பா குரல பெரியப்பா எடுத்துக்கிட்டேன்.”

“திருப்பிக் குடு,” என்றாள் ஜாக்லின்.

இதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

அன்றைக்கே மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். ஆண்டுப் பூசையில் பதினேழு படத்தில் எதையும் போடப்போவதில்லை. அந்த ஐந்து விநாடியைப் போடுவோம். ஜெரால்டின், “அஞ்சு செகண்டுல ஜனங்க என்ன பாப்பாங்க?” என்று கேட்டாள். ரூபினி, “அவரு வெயில் அடிக்குதுன்னு சொல்றத கேப்பாங்க அண்ணி, அது போதும்,” என்றாள்.

ஆனால் ஒரு பிள்ளை தன் அப்பாவைத் தெரிந்துகொள்ள ஐந்து விநாடி போதாது. இப்போதே யாரு என்று கேட்கிறாள். இன்னும் இரண்டு வருடம் போனால் கேட்கக்கூட மாட்டாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்களிடம் இல்லை. உங்களிடம் இருக்கலாம். நான்கு வருடத்தில் எத்தனையோ பேர் மார்கஸை நிறுத்தி, போனைத் தூக்கிப் பிடித்து, சத்தமாகச் சொல்லச் சொன்னீர்கள். மாசாயில், உலு திராமில், லாபிஸ் பக்கம் ஒரு கல்யாணத்தில், ஜொகூர் பாருவில். நீங்கள் கேட்டதால் அவன் வாயை மட்டும் அசைக்காமல் பேசியிருக்கிறான். திக்கியிருப்பான். படத்தில் இருக்கிற மாதிரி இல்லையே என்று உங்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். அந்த வீடியோவை யாருக்கும் காட்டாமல் விட்டிருப்பீர்கள். அழித்திருந்தால் உங்கள் மேல் தப்பில்லை, நானே பதினான்கை அழித்தவன்.

குலாய்க் குடும்பத்து அண்ணன் இதைப் படித்தால், அன்றைக்கு உங்கள் போன் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு ஞாபகம். குடோனில் அவனோடு வேலை செய்தவர்கள், பஸ்ஸில் கூட வந்தவர்கள், அவன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள், நீங்களும் பாருங்கள். பின்னால் எங்கேயோ அவன் யாரையோ கூப்பிடுகிற சத்தம் விழுந்திருந்தாலும் போதும். தெளிவாக இல்லாவிட்டால் பரவாயில்லை. முழு வாக்கியம் வேண்டாம். அவன் திக்கும் இடத்தை வெட்டாமல் அனுப்புங்கள்.

பழைய போனை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தால் தயவுசெய்து ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பாருங்கள். கிடைத்தால் இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். கிடைக்காவிட்டாலும், தேடிப் பார்த்தேன், இல்லை என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். வருகிற பதில்களை நான் ரூபினிக்கு என் குரலில் வாசித்துக் காட்டமாட்டேன், அவளே படித்துக்கொள்வாள். உங்களில் யாரிடம் என் தம்பியின் குரல் இருக்கிறது?